தடிப்பும் காப்பும்: திருவள்ளூர் வட்டார பி.சி.ஜி. கள ஆய்வும் நோய் எதிர்ப்பியல் வரலாற்றில் அதன் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில், மிகப் பெரிய கள ஆய்வு ஒன்று தொடங்கப்பெற்றது. வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. இம்முடிவு பெரும்பாலும் ஒரு தடுப்பூசியின் தோல்வியாகவே பேசப்பட்டு வருகிறது. தோலில் தோன்றும் அழற்சி வினையும் உடலுக்குக் கிடைக்கும் நோய்க்காப்பும் ஒன்றல்ல என்பதை மனித சமுதாய அளவில் மெய்ப்பித்த நிகழ்வாக அதைக் காண வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காசநோய், பி.சி.ஜி., திருவள்ளூர், டியூபர்குலின், அழற்சி, நோய் எதிர்ப்பணுக்கள், சூழல் மைக்கோபாக்டீரியங்கள்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையாலும் எண்ணூர் அனல்மின் நிலையங்களாலும் அறியப்படுகிறது. 1997இல் தனி மாவட்டமாவதற்கு முன் இப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. நெல் வயல்களும் ஏரிகளும் நிறைந்த அந்நிலப்பரப்பின் பெயர், உலக மருத்துவ நூல்களில் ‘செங்கற்பட்டு ஆய்வு’ என்ற தொடரால் நிலைபெற்றுள்ளது. பி.சி.ஜி. பற்றி எழுதும் எவரும் அவ்வாய்வைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. ஆயினும் தமிழில் அதன் வரலாறு விரிவாக எழுதப்படவில்லை. அவ்வாய்வு எவ்வினாவுக்கு விடை தேடியது, எவ்விடை கிடைத்தது, அவ்விடை நோய் எதிர்ப்பணுக்கள் பற்றிய புரிதலை எவ்வாறு மாற்றியது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. டியூபர்குலின் தடிப்பு: ஒரு குறியின் வரலாறு

காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த இராபர்ட் கோக், 1890இல் அக்கிருமியின் வளர்ப்பிலிருந்து எடுத்த சாறு ஒன்றை நோய் தீர்க்கும் மருந்தாக அறிவித்தார். ‘டியூபர்குலின்’ எனப்பட்ட அம்மருந்து நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் காசநோய்க் கிருமி முன்பே புகுந்த உடலில் அதைச் செலுத்தினால் வலுவான அழற்சி தோன்றுவது கண்டறியப்பட்டது. மருந்தாகத் தோற்ற சாறு, நோய்த்தொற்றை அறியும் சோதனைப் பொருளாக மாறியது. 1908இல் சார்லஸ் மாந்து, தோலின் உட்படலத்தில் சிறிதளவு டியூபர்குலினைச் செலுத்தி, இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் தோன்றும் தடிப்பை அளக்கும் முறையை விளக்கினார். அம்முறை இன்றளவும் வழக்கில் உள்ளது.

தடிப்பு தோன்றுவதன் காரணம் பிற்காலத்தில் தெளிவாயிற்று. கிருமியை முன்பு எதிர்கொண்ட டி அணுக்கள் அதன் புரதங்களை நினைவில் வைத்துள்ளன. அப்புரதங்கள் மீண்டும் தோலில் செலுத்தப்படும்போது அவ்வணுக்கள் அவ்விடத்தில் குவிந்து இன்டர்பெரான்-காமா முதலிய சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. அவற்றின் அழைப்பால் பெருவிழுங்கி அணுக்கள் திரள்கின்றன. இத்திரட்சியே விரலால் தடவி அறியக்கூடிய தடிப்பாகிறது. ஆகவே தடிப்பு என்பது நோய் எதிர்ப்பு நினைவின் புறக்குறி.

இங்கு ஒரு வினா எழுந்தது. நினைவு உண்டு என்பதால் காப்பும் உண்டு எனக் கொள்ளலாமா? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பலர் அவ்வாறே கருதினர். அமெரிக்க நோய்க்கூற்றியல் அறிஞர் ஆர்னால்ட் ரிச் இதை மறுத்தார். மிகையுணர்வும் நோய்க்காப்பும் தனித்தனியே நிகழக்கூடியவை என்று அவர் வாதிட்டார். அவர் சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகத்து விலங்குகளிலிருந்து வந்தவை. மனிதர்களிடத்தில் இதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ போதிய சான்று அன்று இல்லை.

2. முரண்பட்ட முடிவுகள்

ஆல்பர்ட் கால்மெட், கமில் கெரான் ஆகிய இருவரும் பிரான்சில் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 230 முறை மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தனர். அவ்வாறு பெற்ற பி.சி.ஜி. 1921இல் முதன்முதலாகக் குழந்தைக்கு அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1948 ஆகஸ்டில் மதனப்பள்ளியில் பி.சி.ஜி. ஊசி போடும் பணி தொடங்கிற்று. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. உற்பத்திக் கூடமும் அமைந்தது.

இப்பரவல் எதிர்ப்பின்றி நிகழவில்லை. சென்னை மாநில முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த சி. இராசகோபாலாச்சாரியார் 1955இல் பெருந்திரள் பி.சி.ஜி. இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்துச் சிறுநூல் வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நலமுள்ள குழந்தைகளின் உடலில் செலுத்துவதற்குரிய சான்று போதுமா என்பது அவ்வெதிர்ப்பின் மையம். அதை அறிவியலுக்கு மாறான குரல் என்று தள்ளியவர் பலர். ஆனால் சான்று பற்றிய அவ்வினா அன்றைய அறிவியல் உலகிலேயே தீராமல் இருந்தது என்பது கருதத்தக்கது.

பிரிட்டனில் 1950இல் பள்ளி மாணவரிடையே தொடங்கிய ஆய்வு, காப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று காட்டியது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த ஆய்வு 14 விழுக்காடே காட்டியது. ஊசியின் வகை வேறுபாடு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் காரல் பாமர் மற்றொரு விளக்கம் தந்தார். வெப்பமான தென்மாநில மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமிக்கு உறவான, ஆனால் பெரும்பாலும் தீங்கற்ற மைக்கோபாக்டீரியங்கள் உள்ளன. அவை இயல்பாகவே மக்களுக்கு ஓரளவு காப்பு அளித்துவிடுவதால், பி.சி.ஜி. கூடுதலாக அளிப்பதற்கு அதிகம் இல்லை என்பது அவர் கருத்து. 1966இல் அவரும் எஸ்மண்ட் லாங்கும் கினிப்பன்றிகளைக் கொண்டு இக்கருத்துக்குச் சான்று தந்தனர்.

இரு பெரும் ஆய்வுகள் முரண்பட்ட நிலையில், காசநோய் மிகுந்த வெப்பமண்டல நாடொன்றில், எக்குறையும் கூற இயலாத வகையில், ஓர் ஆய்வு நடத்துவது தேவையாயிற்று.

3. திருவள்ளூர் வட்டாரத்தில் ஆய்வின் அமைப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியன இணைந்து இவ்வாய்வை மேற்கொண்டன. சென்னைக்கு மேற்கே திருவள்ளூரைச் சூழ்ந்த 209 ஊராட்சிகளும் 9 நகரங்களும் களமாகக் கொள்ளப்பட்டன. சென்னையைத் தேர்ந்தமைக்கு வலுவான பின்புலம் உண்டு. 1956இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், காசநோயாளியை மருத்துவமனையில் வைத்துப் பேணுவதும் வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ளச் செய்வதும் ஒத்த பயன் தருவன என்று 1959இல் நிறுவி, உலகக் காசநோய் மருத்துவத்தையே மாற்றியிருந்தது. கள ஆய்வுக்கு வேண்டிய பழக்கமும் ஆய்வக வசதியும் அந்நகரில் இருந்தன.

1968 முதல் 1971 வரை வீடுதோறும் சென்று 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ மருந்துப்போலியோ அளிக்கப்பட்டது. பாரிஸ், கோபன்ஹேகன் ஆகிய இரு வகைத் தடுப்பூசிகள், 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் ஆகிய இரு அளவுகளில் பயன்பட்டன. யாருக்கு எது என்பது தற்செயல் முறையில் முடிவு செய்யப்பட்டது. ஊசி போட்டவரும் பெற்றவரும் அதை அறியாதவாறு இரட்டை மறைப்பு கடைப்பிடிக்கப்பட்டது.

ஊசிக்கு முன் இரு தோற்சோதனைகள் செய்யப்பட்டன. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பி.பி.டி.-எஸ் ஒன்று. சூழல் மைக்கோபாக்டீரியம் ஒன்றிலிருந்து எடுத்த பி.பி.டி.-பி மற்றொன்று. பாமரின் கருதுகோளை நேரே சோதிக்கும் நோக்கம் இவ்விரண்டாம் சோதனையில் வெளிப்படுகிறது. பின்னர் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை களச் சுற்றுகள் நடைபெற்றன. சளிப் பரிசோதனையின் வழிப் புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

தொடக்கக் கணக்கெடுப்பே அவ்வட்டார மக்களின் நிலையைக் காட்டியது. மக்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் காசநோய்க் கிருமியின் தொற்றை முன்பே பெற்றிருந்தனர். சூழல் மைக்கோபாக்டீரியங்களுக்கான வினை அதனினும் மிகுதி. வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலோரிடம் அது காணப்பட்டது.

4. முடிவுகள்

தடுப்பூசி ‘பிடித்தது’ என்பதில் ஐயமில்லை. ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் எடுத்த டியூபர்குலின் சோதனையில் வலுவான தடிப்பு கிடைத்தது. வழக்கிலிருந்த அளவுகோலின்படி மருந்து வீரியமுள்ளது. ஊசி முறையாகப் போடப்பட்டுள்ளது. ஆனால் இரண்டரை ஆண்டுக்குப் பின் அத்தடிப்பு பெரிதும் குறைந்திருந்தது.

ஏழரை ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. கிருமி வெளிப்படும் நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை, தடுப்பூசி பெற்றோரும் மருந்துப்போலி பெற்றோரும் ஒத்த அளவில் நோயுற்றனர். 15 ஆண்டு முடிவு 1999இல் வெளிவந்தது. தொடக்கத்தில் தொற்றின்றி, இயல்பான மார்பு எக்ஸ்ரே படத்துடன் இருந்த 1,09,873 பேருள் அக்காலத்தில் 560 பேர் நோயுற்றனர். மூன்று பிரிவுகளிலும் நோய் வீதம் ஒத்திருந்தது. வளர்ந்தோருக்குக் காப்பு இல்லை. சிறுவரில் 27 விழுக்காடு காப்பு தோன்றினும், அதன் புள்ளியியல் எல்லை கீழ்ப்பக்கம் சுழியத்தைத் தாண்டி -8 வரை நீண்டதால் உறுதி கூற இயலவில்லை.

இவ்விரு உண்மைகளையும் அருகருகே வைத்துக் காண்பது இன்றியமையாதது. தடிப்பு இருந்தது, காப்பு இல்லை. ரிச் விலங்குகளில் கண்டதை, இலட்சக்கணக்கான மக்கள் பங்கேற்ற ஆய்வு தன் போக்கில் உறுதிப்படுத்தியது. தோலில் தோன்றும் அழற்சியை அளந்து தடுப்பூசியின் பயனை மதிப்பிடும் பழக்கம் அதன் அடிப்படையை இழந்தது.

5. விளக்கம் தேடிய நாற்பதாண்டுகள்

1979க்குப் பின் எழுந்த முதல் ஐயம் ஆய்வுமுறை பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுக்கள் 1980இல் அதை ஆராய்ந்தன. ஆய்வின் அமைப்பில் முடிவை விளக்கத்தக்க குறை காணப்படவில்லை. எனவே காரணத்தை உயிரியலில் தேட வேண்டியதாயிற்று.

முதல் விளக்கம் கிருமி பற்றியது. சென்னை நோயாளிகளிடமிருந்து பெற்ற காசநோய்க் கிருமிகளுள் பல கினிப்பன்றிகளில் குறைந்த வீரியம் காட்டுவதை டெனிஸ் மிட்சிசன் முதலியோர் 1960களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தனர். இத்தகைய கிருமி மெல்ல நோயை உண்டாக்குவதால், தடுப்பூசியின் குறுகிய காலக் காப்பு அதற்கு எதிராகப் பயன்படாது போகலாம் எனக் கருதப்பட்டது.

இரண்டாம் விளக்கம் மண் பற்றியது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் ஆய்வுப் பகுதியின் மண், நீர், தூசு ஆகியவற்றிலிருந்து சூழல் மைக்கோபாக்டீரியங்களைப் பிரித்தெடுத்து 1994இல் வெளியிட்டனர். அவற்றுள் ஏவியம் தொகுதியும் ஃபார்ச்சூயிட்டம் தொகுதியும் முதன்மையானவை. வயலில் இறங்குபவரும் ஏரி நீரைப் பயன்படுத்துபவரும் தெருப் புழுதியில் விளையாடும் குழந்தையும் இவற்றை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். ஊசி வருவதற்கு முன்பே அவர்களின் டி அணுக்கள் இக்குடும்பத்தை அறிந்துவிடுகின்றன.

இம்முன்னறிவு தடுப்பூசியை எவ்வாறு பாதிக்கும் என்பதில் இரு கருத்துகள் உள்ளன. மறைத்தல் கருத்தின்படி, இயற்கை அளித்த காப்பு முன்பே இருப்பதால் தடுப்பூசியின் கூடுதல் பயன் புலப்படாது. தடுத்தல் கருத்தின்படி, முன்னறிவுள்ள அணுக்கள் பி.சி.ஜி. கிருமியை விரைவில் அழித்துவிடுகின்றன. அது உயிருடன் பெருகினால்தான் ஆழ்ந்த நினைவு பதியும் என்பதால் காப்பு விளையாது. தடுத்தல் கருத்துக்கு டென்மார்க்கு ஆய்வகம் ஒன்று 2002இல் எலிகளில் சான்று தந்தது. அதே ஆண்டில் மலாவி, பிரிட்டன் இளைஞர்களை ஒப்பிட்ட ஆய்வு, ஊசிக்கு முன்பே மலாவி இளைஞரிடம் இன்டர்பெரான்-காமா வினை மிகுந்திருந்ததையும், ஊசியால் ஏற்பட்ட ஏற்றம் பிரிட்டன் இளைஞரிடம் கூடுதலாக இருந்ததையும் காட்டியது. 2014இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றும், முன்னறிவு பெறாதோரிடமும் நிலநடுக்கோட்டுக்குத் தொலைவிலும் பி.சி.ஜி. கூடுதலாகப் பயன்தருவதை எடுத்துக்காட்டியது.

ஆயினும் திருவள்ளூர் வட்டாரத்தின் 15 ஆண்டு அறிக்கை, தன் முடிவை முன்னறிவாலோ மறுதொற்றாலோ மட்டும் விளக்கிவிட முடியாது என்றே உரைத்தது. பிற நாடுகளின் சான்றுகள் மண் விளக்கத்தின் பக்கம் சாய்ந்தாலும், எவ்வாய்வு அவ்விளக்கத்தைத் தேட வைத்ததோ அவ்வாய்வே அதை முழுமையாக ஏற்கவில்லை. இம்முரண் தீர்க்கப்படாமல் உள்ளது என்பதை மறைத்து எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஒப்பீடாக மற்றொரு சான்றும் கருதத்தக்கது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வில், பி.சி.ஜி. மட்டும் பெற்றோரிடம் தொழுநோய்க்கு எதிராக 34.1 விழுக்காடு காப்பு காணப்பட்டது. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒரே மாவட்டத்து மக்களிடம் ஒரே ஊசி ஒரு நோயை ஓரளவு தடுத்து, மற்றொன்றைத் தடுக்காது விடுகிறது எனில், மக்களின் உடல் எதிர்ப்பாற்றல் குன்றியது என்ற எளிய விளக்கம் பொருந்தாது.

6. அழற்சியின் இருமுகம்

காசநோயில் அழற்சி எதிரியுமாகிறது, காவலுமாகிறது. நுரையீரலுள் புகும் கிருமியைப் பெருவிழுங்கி அணுக்கள் உட்கொள்கின்றன. அவை தனித்து நின்றால் கிருமி அவற்றுள்ளேயே பெருகும். டி அணுக்கள் சுரக்கும் இன்டர்பெரான்-காமாவும் டி.என்.எஃப். எனும் சைட்டோகைனும் அவற்றைத் தூண்டினால் கிருமி அடக்கப்படுகிறது. அணுக்கள் கூடி அமைக்கும் சிறு கணு கிருமியைச் சிறைப்படுத்துகிறது. தூண்டல் குறைந்தால் சிறை உடையும். தூண்டல் மிகுந்தாலும் கணுவின் நடுப்பகுதி உருகி, நுரையீரலில் குழி விழுந்து, இருமலின் வழிக் கிருமி பிறருக்குப் பரவும். வளர்ந்தோரின் நுரையீரல் காசநோய் பெரும்பாலும் இவ்விரண்டாம் வழியில் முற்றுகிறது. எனவே அழற்சியின் அளவு காப்பின் அளவாகாது. அதன் சமநிலையே காப்பு.

இப்பார்வை பி.சி.ஜி. பற்றிய ஆய்வைப் புதிய திசைக்குத் திருப்பியுள்ளது. 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர் மிகாய் நெட்டியா குழுவினர், பி.சி.ஜி. இயல்பெதிர்ப்பு அணுக்களான மோனோசைட்டுகளிலும் நீடித்த மாற்றம் விளைவிப்பதைக் காட்டினர். ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்’ எனப்படும் இது டி அணு நினைவிலிருந்து வேறானது. சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், கொரோனா பெருந்தொற்றின் போது 60 முதல் 80 வயதினருக்குப் பி.சி.ஜி. அளித்து ஆராய்ந்தது. ஊசிக்கு ஒரு மாதத்திற்குப் பின் அவர்களின் இரத்தத்தில் அழற்சி தூண்டும் பல சைட்டோகைன்களின் அளவு குறைந்திருந்ததாக 2021இல் வெளியான அதன் கட்டுரை கூறுகிறது. அழற்சியை எழுப்பும் ஆற்றலால் ஒரு காலத்தில் மதிப்பிடப்பட்ட ஊசி, முதியோரிடம் அழற்சியைத் தணிப்பதாக அறியப்படுவது கருதத்தக்க திருப்பமாகும்.

7. முடிவின் சமூக விளைவு

1979இன் அறிக்கை வெளிவந்தபோது இந்தியா தன் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தில் பி.சி.ஜி.யைச் சேர்த்து ஓராண்டே ஆகியிருந்தது. ஊசியைக் கைவிடுவதா என்ற வினா எழுந்தது. கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோய், உடலெங்கும் பரவும் காசநோய் ஆகியவற்றை அளக்கும் வகையில் திருவள்ளூர் ஆய்வு அமைக்கப்படவில்லை. அவ்வகைகளில் பி.சி.ஜி. 70 விழுக்காட்டுக்கும் மேல் காப்பளிப்பதைப் பிற்காலத் தொகுப்பாய்வுகள் காட்டின. எனவே பிறந்த குழந்தைக்கு ஊசி தொடர்ந்தது. ஆனால் நோயைப் பரப்புவோர் வளர்ந்தோரே. அவர்களை ஊசி காக்காது என்றால், பரவலைத் தடுக்க நோயாளியை விரைந்து கண்டறிந்து மருந்தளிப்பதே வழி.

அவ்வழியும் திருவள்ளூர் வட்டாரத்திலேயே சோதிக்கப்பட்டது. 1999இல் அங்கு நேரடிக் கண்காணிப்புடன் மருந்தளிக்கும் திட்டம் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மக்களிடையே கிருமி வெளிப்படும் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைத் தொடர் கணக்கெடுப்புகள் காட்டின. பின்னைய கணக்கெடுப்பில் அது மீண்டும் சற்று உயர்ந்தது. மருந்தின் வெற்றியும் ஓய்வற்ற உழைப்பை வேண்டுவது என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

திருவள்ளூர் வட்டார ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, டியூபர்குலின் தடிப்பு நினைவின் குறியே அன்றிக் காப்பின் குறி அன்று. இரண்டு, ஒரு தடுப்பூசியின் பயனை அதன் வேதிப்பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. அது போய்ச் சேரும் உடல் முன்பே எந்த மண்ணோடும் நீரோடும் பழகியது என்பதும் கணக்கில் வர வேண்டும். மூன்று, எதிர்மறை முடிவும் முறையாகப் பெறப்பட்டால் அறிவே. 1955இல் எழுந்த சான்று பற்றிய வினாவுக்கு, ஆதரிப்போர் அஞ்சியதும் எதிர்ப்போர் எண்ணியதும் அல்லாத ஒரு விடையை அது தந்தது: ஊசி குழந்தைக்கு வேண்டும், வளர்ந்தோருக்கு அது போதாது.

இன்று காசநோய்க்குப் புதிய தடுப்பூசிகள் சோதனையில் உள்ளன. அவற்றின் பயனைக் குறுகிய காலத்தில் முன்னறிவிக்கும் இரத்தக் குறி ஒன்றை ஆய்வாளர் தேடி வருகின்றனர். தோல் தடிப்பின் இடத்தில் இன்று சைட்டோகைன் அளவு நிற்கிறது. ஒரு குறியை நம்பிக் காப்பை அறிவிக்கும் அவசரம் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. தோளில் ஊசி ஏற்று, பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சளி தந்த அவ்வூர்களின் மக்கள் அவ்வவசரத்திற்கு எதிராக உலகுக்கு அளித்த சான்று இன்னும் காலாவதியாகவில்லை.